மண் குடித்த பால்

ஆகஸ்ட் முதல் வாரம் வந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் ஒரு தாய் சிரிப்பாள். மடியில் குழந்தை. கீழே தாய்ப்பாலின் பெருமை பற்றி நாலு வரி. உலகத் தாய்ப்பால் வாரம் 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 தொடங்கி 7 வரை கடைப்பிடிக்கப்படுகிறது. பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி என்று நம் ஊர்களிலும் வாரம் முடிந்துவிடுகிறது. சுவரொட்டியில் இருக்கும் தாய்க்கு விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. நம் காலனித் தாய்க்கு இருக்கிறது.

சென்ற சம்பா நடவின்போது திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வயல்காட்டுக்குப் போயிருந்தோம். கூலி நிலவரம் கேட்கத்தான் போனோம். நடவாட்களில் ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பிள்ளை பெற்று ஐம்பது நாள்தான் ஆகிறது என்றார்கள். பதினோரு மணி வாக்கில் அவள் கரையேறி, வரப்போரம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். மார் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை. ரவிக்கை நனைந்துவிட்டது. பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள்.

பிள்ளை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே “பால் பத்தல, பவுடர் வாங்கிக் குடுங்க” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று வாங்கிய டப்பா அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. கூலியில் ஒரு பகுதி அதற்கே போகிறது.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “பாலு இல்லன்னு எவடி சொன்னா ஒனக்கு? இங்க மண்ணு குடிக்குதே!”

அந்தப் பெரியம்மா அதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து பத்து மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை என்று மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வர ஏற்பாடு செய்தார். பால் கொடுக்கும் நேரத்தில் அவள் பங்கு நடவை மற்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தோடு சேர்த்துக் கவ்வ வைப்பது எப்படி என்று இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து காட்டினார். நடவு முடிவதற்குள் டப்பா வாங்குவது நின்றுவிட்டது.

இதைத்தான் மருத்துவ உலகம் ‘சக தாய்மார் ஆதரவு’ என்று சொல்கிறது. தானும் பெற்று, தானும் பால் கொடுத்து, தானும் அழுது மீண்ட ஒருத்தி, புதிதாகப் பெற்றவளின் பக்கத்தில் உட்காருவது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வெளியிட்ட ‘பத்துப் படிகள்’ அறிக்கையின் கடைசிப் படியே, தாய்மாருக்கான ஆதரவுக் குழுக்களை வளர்க்க வேண்டும், ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் தாயை அந்தக் குழுவிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான். நம் ஊரில் பத்தாவது படியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

புள்ளிவிவரத்தைப் பார்ப்போம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 விழுக்காடுதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தைகள் சுமார் 55 விழுக்காடு. அகில இந்திய அளவில் இது கிட்டத்தட்ட 64. மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதில் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்கிறது.

இதற்குத் தாயின் அறியாமை காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த முதல் ஒரு மணி நேரமும் அவள் டாக்டரும் நர்சும் இருக்கும் கட்டடத்துக்குள்தான் இருக்கிறாள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. மயக்கம் தெளியாமல், தையல் வலியோடு கிடப்பவளுக்குப் பிள்ளையை அணைத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். பொது வார்டில் அந்தக் கை யாருடையது? துணைக்கு வந்த அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு, “பால் வரல” என்று தாயின் மேல் எழுதுவது என்ன நியாயம்?

பால் வரவில்லை என்பது பெரும்பாலும் பயம். முதல் நாள் பிள்ளையின் வயிறு கோலிக்குண்டு அளவுதான். அப்போது சுரக்கும் கெட்டியான சீம்பால் சில துளியே அதற்குப் போதும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பால் நிறையச் சுரக்கும். அறுவைச் சிகிச்சை ஆனவளுக்கு இன்னும் ஒரு நாள் கூடத் தள்ளலாம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இடையில் புட்டியைக் கொடுத்தால் பிள்ளை மார்பைச் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் ஊறுவதும் குறையும். பிறகு உண்மையிலேயே பால் பத்தாமல் போகும். பால் பவுடர் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் மூன்றாம் நாள் இரவில் பிள்ளை வீறிடும்போது வரும் பயத்தை எந்தச் சட்டமும் தடுக்காது. பக்கத்தில் ஒருத்தி இருந்தால் தடுப்பாள்.

வசதியுள்ள வீட்டில் டப்பாப் பால் செலவு. நம் வீட்டில் அது ஆபத்து. ஒரு டப்பா ஒரு வாரம்கூட வராது. அதை இரண்டு வாரத்துக்கு இழுக்க, பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது காலனியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கும் பழி தாயின் மேல்தான்.

சரி, பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து பேசினால் உண்மையிலேயே மாறுமா? மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஹரியானாவில் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் ஊர் மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2003இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பயிற்சி நடந்த ஊர்களில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 79 விழுக்காடு. நடக்காத ஊர்களில் 48. வயிற்றுப்போக்கும் குறைந்தது.

ஜார்க்கண்ட், ஒடிசா எல்லையில் ஆதிவாசி மக்கள் அதிகம் வாழும் மூன்று மாவட்டங்களில் ‘ஏக்ஜுட்’ அமைப்பு செய்தது இன்னும் முக்கியமானது. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டுவார். பிரசவத்திலும் பிள்ளை வளர்ப்பிலும் என்ன சிக்கல் என்று அவர்களே பேசி, என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுப்பார்கள். அப்படிக் கூடிய பகுதிகளில், பிறந்த ஒரு மாதத்துக்குள் சாகும் குழந்தைகளின் விகிதம் மற்ற பகுதிகளைவிட 32 விழுக்காடு குறைவாக இருந்தது. 2010இல் வெளியான முடிவு இது. யாருடைய வீட்டில் சாவு அதிகம் குறைந்தது என்று பின்னர் பிரித்துப் பார்த்தபோது, மிகவும் ஒடுக்கப்பட்டவர்களின் வீடுகளில்தான் என்று தெரிந்தது. நலத்திட்டம் எதுவானாலும் கடைசியில் வந்து சேரும் வாசலுக்கு இது முதலில் வந்து சேர்ந்திருக்கிறது. காரணம், சொன்னவரும் கேட்டவரும் ஒரே தெரு.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்திலேயே அதிக விகிதம். இங்கே தாய்ப்பால் ஆலோசனை சொல்ல வருபவர் திண்ணையில் உட்காரத் தயங்கினால், கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் போனால், அவர் சொல்லும் ஆலோசனையும் திண்ணைக்கு வெளியேதான் நிற்கும். மாராப்பை விலக்கி, புண்ணான காம்பைக் காட்டி, ‘வலிக்குதுக்கா’ என்று ஒருத்தி யாரிடம் சொல்வாள்? தன்னை அருவருக்காதவரிடம்தான் சொல்வாள்.

நம் அக இலக்கியத்தில் செவிலித்தாய் உண்டு. தோழி என்பவள் அந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. தமிழ் வகுப்பில் இதைப் படித்தபோது நமக்கு எழுந்த கேள்வி ஒன்று உண்டு: தலைவியை வளர்த்த நேரத்தில் செவிலி தன் சொந்த மகளுக்கு எப்போது பால் கொடுத்தாள்? இலக்கியம் அதைச் சொல்லவில்லை. பண்ணையாள் காலத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னார்கள். வரப்பில் ஏணையில் கிடந்து பிள்ளை அழும். கரையேற உத்தரவு கிடைக்காது. மார் கனத்துக்கொண்டே நடவு நடுவார்கள். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக எழுந்த செங்கொடி இயக்கத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் அழுகையும் இருந்தது. இன்று கரையேறுவதை யாரும் தடுப்பதில்லை. கூலியும் தூரமும் தடுக்கின்றன.

ஆகவே ஆதரவுக் குழு மட்டும் போதாது. வயிற்றுக்கு வழி வேண்டும். அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். நடவு நடுபவளுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் கையில் கிடைக்கும் பணம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். பதினாலாயிரத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 78 ரூபாய். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்று அறிவுரை சொல்லும் அரசு, அந்த ஆறு மாதம் வீட்டில் இருக்கக் கொடுக்கும் கூலி இதுதான்.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டு நலன், ஆகவே செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டு சட்டம் வந்தது. அது ஆலைக்கு வந்தது, பிறகு சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் வந்தது. நூறு ஆண்டு ஆகப்போகிறது, வயலுக்கு இன்னும் வரவில்லை.

தாய்மையைப் போற்றிப் போற்றியே பெண்ணை வீட்டில் அடைப்பார்களே, நீங்களும் அதற்குத் துணைபோகலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பால் கொடுக்க முடியாத தாய் உண்டு. நோயால் முடியாமல் போகலாம், மனம் உடைந்து முடியாமல் போகலாம். அவளைக் குற்றவாளியாக்கும் எந்தப் பிரசாரத்தையும் நாம் ஏற்கவில்லை. நாம் கேட்பது, கொடுக்க விரும்புகிறவளின் பால் மண்ணில் போகக் கூடாது என்பது மட்டும்தான்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் வைப்பது நான்கு கோரிக்கை.

ஒன்று, ஒவ்வொரு காலனியிலும் பால் கொடுத்து வளர்த்த அனுபவமுள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், வேலைக்குத் திரும்பும் நாள் என்று தாய் தடுமாறும் நேரங்களில் அவர் வீட்டுக்குப் போகட்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறதே, பிள்ளை பெற்றவளைத் தேடியும் போகலாம்.

இரண்டு, அவருக்குச் சம்பளம் கொடுங்கள். ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் சும்மா வாங்காதீர்கள். தொப்புள்கொடி அறுத்த கைக்கு ஒரு மரக்கால் நெல்லையும் தீட்டையும் கொடுத்து அனுப்பிய ஊர் இது. அந்தக் கணக்கு இன்னொரு முறை வேண்டாம்.

மூன்று, வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைக்கு நிழல் வேண்டும். ஐந்து சிறு குழந்தைகள் இருந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று 2005இன் நூறு நாள் வேலைச் சட்டமே எழுதிவைத்தது. எத்தனை வேலைத்தளத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறோம்? விடியற்காலையில் துடைப்பம் எடுக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

நான்கு, மகப்பேறு நிதி ஆறு மாதக் கூலிக்கு ஈடாக உயர வேண்டும். இது மாவட்டத்தின் கையில் இல்லை என்பது தெரியும். அரசுக்குப் பரிந்துரைக்கும் பேனா மாவட்டத்தின் கையில் இருக்கிறது.

அதுவரை நம் பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சம்பாவில் உங்கள் நடவுக் குழுவில் பச்சை உடம்புக்காரி ஒருத்தி இருந்தால், பிள்ளையை வரப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவள் கரையேறும் நேரத்தில் அவள் பங்கை ஆளுக்கு இரண்டு முடி சேர்த்து நட்டுவிடுங்கள். அந்தப் பெரியம்மாவுக்கு இதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.