நாற்பது பேனாக்களும் எழுதப்படாத ஒரு மரண சாசனமும்

எழுதுகோலுக்கு இஸ்லாம் அளித்திருக்கும் கண்ணியத்தை நாம் அறிவோம். முதன்முதலாக அருளப்பட்ட வசனங்களே, எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்த இறைவனை நினைவூட்டுகின்றன. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் 'அல் கலம்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. மையைத் தன்னுள் தேக்கிக்கொண்டு, கையையும் ஆடையையும் கறைப்படுத்தாத ஒரு பேனாவை 10ஆம் நூற்றாண்டில் ஃபாத்திமிய கலீஃபா அல் முஇஸ் செய்வித்தார் என்று அவருடைய அவையிலிருந்த காழி அந்நுஃமான் எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே, ஊற்றுப்பேனாவின் மீது நம்மில் சிலர் கொண்டிருக்கும் பிரியத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. கைத்தொழிலின் அருமை தெரியாதவர்களும் அல்லர் நாம். மெழுகில் வடிவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டலைப் பூசி, உலோகத்தை உருக்கி வார்க்கும் கைவினைஞர்களுக்கு நடுவே சுவாமிமலையில் வாழ்கிறோம். திருவள்ளூரில் எபோனைட் கட்டையைக் கடைந்து ரங்கா பேனா செய்பவர்களும், சுதேசி இயக்கக் காலத்திலிருந்து பேனா செய்துவரும் ராஜமுந்திரி ரத்னம் நிறுவனத்தாரும் செய்வது அத்தகைய உழைப்பே. அவர்களிடம் ஒரு பேனா வாங்குவது ஹலாலான மகிழ்ச்சி. அழகை அல்லாஹ் விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

நாம் பேச வந்தது அந்த ஒரு பேனாவைப் பற்றியன்று, அதற்குப் பின் வரும் முப்பத்தொன்பதைப் பற்றி.

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பேனாவினுள் பொருத்தும் மைக்குழாய் ஏறக்குறைய முக்கால் மில்லி மை கொள்ளும். 30 மில்லி புட்டி ஒன்றைக் கொண்டு அதை நாற்பது முறை நிரப்பலாம். வாரம் ஒருமுறை நிரப்புகிற அளவுக்கு எழுதுபவருக்கே ஒரு புட்டி ஒன்பது மாதங்களுக்குப் போதும். அலமாரியில் நாற்பது புட்டிகள் இருந்தால் அவை தீர முப்பது ஆண்டுகள் வேண்டும். ஐம்பது வயதில் அவற்றை வாங்கிச் சேர்ப்பவர், தாம் எண்பது வயதிலும் எழுதிக்கொண்டிருப்போம் என்று எண்ணித்தானே வாங்குகிறார்? அந்த உறுதியை அவருக்கு அளித்தவர் யார்?

மையும் அதுவரை காத்திருக்காது. நீர் வற்றிக் கெட்டியாகும், பூஞ்சை பிடிக்கும். மை நிரப்பியபடியே கிடக்கும் பேனாவில் நிப்பின் அடியிலுள்ள நாக்குக் கட்டை அடைத்துக்கொள்ளும். பழைய பேனாக்களின் ரப்பர்ப் பை இற்றுப்போகும். எபோனைட், வெளிச்சம் பட்டு நிறம் மங்கும். பயன்படுத்தாத பொருள் பத்திரமாக இருக்கிறது என்பது நம் மனம் செய்துகொள்ளும் கற்பனையே. அதிகம் சேர்க்கும் ஆசை கப்றுகளைச் சந்திக்கும்வரை மனிதனைப் பராக்காக்கிவிடுகிறது என்று எச்சரிக்கும் 'அத்தகாஸுர்' அத்தியாயத்தை நாம் தொழுகையில் எத்தனை முறை ஓதியிருப்போம்! அது செல்வந்தர்களின் கருவூலங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

"இது முதலீடு, விலை ஏறும்" என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் ஜகாத்தின் கேள்வி எழுகிறது. சொந்த உபயோகப் பொருளுக்கு ஜகாத் இல்லை. ஆனால் விற்று இலாபம் காணும் எண்ணத்தோடு வாங்கிய பொருள் வணிகச் சரக்கு. நிஸாபும் ஆண்டும் நிறைவடைந்தால் அதன் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு ஏழைகளின் உரிமை. மனைவியிடம் முதலீடு என்றும், ஜகாத் கணக்கில் சொந்த உபயோகம் என்றும் சொல்வது நேர்மையாகாது. 14 காரட் நிப்பில் 58.5 விழுக்காடு தங்கம் இருக்கிறது. கலப்பில் தங்கம் மிகுந்திருந்தால் அதைத் தங்கமாகவே கொள்வது ஹனஃபி சட்டம். அதன் ஜகாத்தையும், ஆண்கள் அத்தகைய பேனாவால் எழுதலாமா என்பதையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

குறைப்பதற்கு உகந்த நாளும் ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளே. அன்று எல்லாப் பேனாக்களையும் குடும்பத்தார் முன்னிலையில் பாயில் பரப்புங்கள். கடந்த ஓராண்டில் எவற்றால் எழுதினோம் என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். எழுதியவற்றை ஒருபுறம் வையுங்கள். பாட்டனார் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்திட்ட பேனா போன்ற ஒன்றிரண்டை, எழுதாவிட்டாலும் வைத்துக்கொள்ளலாம். அவற்றின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கதை தெரியாவிட்டால் நாளை அவர்களுக்கு அதுவும் ஒரு பழைய பேனாதான்.

எஞ்சியவற்றில் விற்க வேண்டியதை விற்கும்போது குறையை மறைக்காதீர்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் நிகழ்வு, கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதத்துக்காகக் காத்து நிற்கும் டெல்டாக்காரர்களான நமக்கு விளக்க வேண்டியதில்லை. மூடியிலுள்ள கீறலும், வளைந்து நிமிர்த்திய நிப்பும் ஈர நெல்லைப் போன்றவையே.

கொடுக்க எண்ணியவற்றைக் குளிர்ந்த நீரில் கழுவி, எழுதிப் பார்த்துக் கொடுங்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டே பெறக்கூடிய மட்டமானதைத் தர்மம் செய்யலாகாது என்பதும், நேசிப்பதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்பதும் குர்ஆனின் போதனை. மதரஸா மாணவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் எஃகு நிப்புள்ள எளிய பேனாவும், துவைத்தால் போகும் நீல மையும் ஏற்றவை. மினுமினுக்கும் துகள் கலந்த மை வேண்டாம், அது அடைத்துக்கொள்ளும். வெவ்வேறு நிறுவனத்தாரின் மைகளை ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், அடியில் கசடு தங்கக்கூடும். கெட்ட மையை வாய்க்காலில் கொட்டாதீர்கள். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுத்தறிந்தோருக்கு, பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பதே விடுதலைக்கான ஈடாக வைக்கப்பட்டது. எழுதப் பழகும் பிள்ளையின் கையில் சேரும் பேனா, நமக்குப் பின்னரும் நன்மை தரும் தர்மமாகலாம், இன்ஷா அல்லாஹ்.

இனி, வைத்துக்கொண்ட பேனாக்கள். அவற்றால் என்ன எழுதுகிறோம்? புதிய மையின் நிறத்தைப் பார்க்கக் கோடுகள் இழுக்கிறோம், நம் பெயரையே பத்து முறை எழுதுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமோ கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. நடவுச் செலவுக்குக் கைமாற்றாக வாங்கியதும், மைத்துனருக்கு வாய்வார்த்தையில் கொடுத்ததும் எழுதப்படாததால் பேச்சற்றுப்போன குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லையா? மரண சாசனம் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழி. நாற்பது பேனாக்களை வைத்திருப்பவர் தம் கடன்களையும் அமானிதங்களையும் ஒரு தாளில் எழுதாமல் மறைந்தால், வாரிசுகள் அந்தப் பேனாக்களைப் பார்த்து என்ன நினைப்பார்கள்?

பேனாக்களைக் குறைப்பது அலமாரியில் இடம் பிடிப்பதற்காக அன்று. எழுத வேண்டியவற்றை எழுதுவதற்காக. நன்றாக எழுதும் ஒரு பேனாவை எடுத்து, மை நிரப்பி, இன்றிரவு இஷாவுக்குப் பின் அந்த ஒரு தாளை எழுதி, மனைவி மக்களிடம் காட்டி வையுங்கள். மற்ற பேனாக்களைப் பற்றி நாளை முடிவு செய்துகொள்ளலாம்.