கறுத்ததெல்லாம் மக்கு அல்ல

நெய்வேலிச் சுரங்க மண்மேட்டில் ஒரு கைப்பிடி அள்ளி உதிர்த்துப் பாருங்கள். செம்மணலும் வெளிறிய களியும் கலந்து கிடக்கும். ஊடே கடுகளவில் கரும்பொட்டுகள் தென்படும். அவை பழுப்பு நிலக்கரித் துகள்கள். அந்த மாதிரியை வாக்லி-பிளாக் முறைப்படி டைக்குரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றிச் சோதித்தால், துகள்களும் ஓரளவு எரிந்து அங்ககக் கரிமக் கணக்கில் ஏறிவிடும். பைரைட் கலந்திருந்தால் அதுவும் தன் பங்குக்கு டைக்குரோமேட்டைக் குடிக்கும். அறிக்கையில் 'நடுத்தரம்' என்று வரும். வயலில் தக்கைப்பூண்டு முழங்கால் உயரம் தாண்டாது.

1934இல் வந்த அந்த முறையின்மீது குறையில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த கரிமத்தையும், போன பருவத்து வேர் விட்டுச்சென்ற கரிமத்தையும் பிரித்தறிய அதனால் முடியாது, அவ்வளவுதான். சுரங்கம் மண்ணைத் தலைகீழாகப் புரட்டுகிறது. 50 மீட்டருக்கும் கீழே, வேரே எட்டாமல் கிடந்த படிவு மேலே வருகிறது. நுண்ணுயிருக்கு அங்கே தின்ன எதுவுமில்லை. பழுப்பு நிலக்கரி அதற்குச் சட்டென்று செரிக்கும் தீனியும் அல்ல. இந்த நிலையில் அசோஸ்பைரில்லம் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டுவது காசைக் கரைக்கும் வேலை. தொழு உரமோ கரும்பாலைக் கழிவோ முதலில் போகட்டும். வேர் உட்பூசணமும் ரைசோபியமும் நாற்றங்காலிலேயே நாற்றின் வேரோடு சேர்ந்து வரட்டும். சவுக்கு நடுவோர் ஃபிரான்கியாவையும் மறக்க வேண்டாம்.

நுண்ணுயிர் எல்லாமே நமக்குத் துணை என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் 1947இல் கோல்மரும் ஹிங்கிலும் கண்ட இரும்புண்ணிப் பாக்டீரியம், இன்றைய பெயரில் அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடான்ஸ், பைரைட்டைக் கரைத்துக் கந்தக அமிலத்தைப் பெருக்குகிறது. பைரைட் உள்ள மேட்டில் காற்றும் நீரும் உள்ளே புகாமல் தடுக்காவிட்டால், போட்ட சுண்ணாம்பு நாளடைவில் தீர்ந்து அமிலம் மறுபடி தலைதூக்கும்.

கொலோன் அருகே மீட்ட சுரங்க நிலங்களை வயது வாரியாக அடுக்கி, இன்சாமும் டோம்ஷும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நமக்குப் பாடம். நுண்ணுயிரின் மொத்த எடையோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த எடைக்கு எவ்வளவு மூச்சு வெளியேறுகிறது என்றும் பார்த்தார்கள். இளம் நிலத்தில் அந்த விகிதம் அதிகம்; வயது ஏற ஏறக் குறைகிறது. அங்கே லோயஸ் என்னும் மென்வண்டலை மேலே பரப்பிக் குதிரைமசாலில் தொடங்குகிறார்கள். ஏழாண்டுப் பராமரிப்புக்குப் பிறகே நிலம் உழவர் கைக்குப் போகிறது. நமக்கு லோயஸ் கிடையாது. ஆகவே, தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியே எடுத்து, உயரமாகக் குவிக்காமல், சீக்கிரம் பரப்பியாக வேண்டும். ஆழக் குவியலின் அடியில் காற்றில்லாமல் பூசணம் செத்துப்போகும்.

இந்த இதழுக்கு வரும் மீட்புக் கட்டுரைகள் பலவும் நட்ட மரங்களின் எண்ணிக்கையோடும் முதலாண்டுக் கரிமச் சதவீதத்தோடும் முடிந்துவிடுகின்றன. இனி மூன்றைக் கேட்போம். குளோரோஃபார்ம் புகையூட்டி அளந்த நுண்ணுயிர்க் கரிமமும் மண் சுவாசமும் வேண்டும். எரு போடாத பாத்தி ஒன்று ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். பக்கத்திலேயே தோண்டப்படாத முந்திரித் தோப்பு இருந்தால், அதன் மண்ணையும் அதே நாளில் எடுத்து அளந்திருக்க வேண்டும். புகையூட்டலுக்கு வேண்டியது வெற்றிடக் கலனும் 24 மணி நேரமும்தான். வசதியில்லை என்ற பதிலை ஏற்பதாக இல்லை.