திரைக்கும் ஒரு கணக்கு

சாதாரண தரப் பாடம் படிக்கிறேன் என்று பிள்ளை கணினி முன் அமர்கிறான். எத்தனை மணி நேரம் அமர்ந்தான் என்பது அடுப்படியில் நிற்கும் தாய்க்கு எப்படித் தெரியும்? வெல்லாவெளிப் பக்கத்து வீடுகளிலும் இதே கேள்விதான்.

லினக்ஸ், காசு கொடுக்காமலே கிடைக்கும் இயங்குதளம். அதற்கான திரைமுகப்புகளில் ஒன்று க்னோம். அதன் 48ஆம் பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. 2024 டிசம்பரில் க்னோம் ஆசிய மாநாட்டை நடத்தியவர்களைப் பாராட்டி, அதற்குப் 'பெங்களூரு' என்றே பெயரிட்டார்கள்.

அதன் அமைப்புகளில் நல்வாழ்வுக்கென்று ஒரு பகுதி சேர்ந்தது. கணினியில் கழிந்த நேரத்தை நாள்தோறும் குறித்துக் காட்டும். இத்தனை மணி நேரம் என்று எல்லையும் வைக்கலாம். எல்லை வந்ததும் அறிவிக்கும். விரும்பினால் நிறங்களை நீக்கித் திரையைச் சாம்பலாக்கிவிடும். நிறம் போன விளையாட்டில் என்ன ருசி இருக்கும்! கண்ணுக்கு ஓய்வு கொடு, எழுந்து நட என்றும் நினைவூட்டும்.

ஆனால் இது பூட்டு அல்ல. பிள்ளை தன் கணக்கில் நுழைந்து அந்த எல்லையைத் தானே நீக்கிவிடலாம். ஆகவே ஒளிந்து காவல் காக்க இது உதவாது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இருவருமாக அந்த வாரக் கணக்கைத் திறந்து பாருங்கள். உங்கள் கைத்தொலைபேசியின் கணக்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை கேட்பான்.