பரோடா சொன்ன பதில்

கனகசெட்டிக்குளத்தை அடுத்த காலாப்பட்டில் புதுவைச் சர்வகலாசாலை 1985-ல் ஏற்பட்டது. அங்கே வாலிபரும் யுவதிகளும் ஒரே மண்டபத்தில் பயிலுவதை நம் ஜனங்கள் அதிசயமாகக் கருதுவதில்லை. ஆயினும், எந்தச் சர்வகலாசாலையிலேனும் வைஸ்சான்ஸலர் பதவிக்கு ஒரு ஸ்திரீயின் பெயர் அடிபட்டால், "ஆண்களைக் கட்டி நடத்த அவரால் ஆகுமா?" என்று கேட்பார் இன்னும் உளர். அவர்களுக்குப் பரோடா 1949-லேயே பதில் சொல்லிவிட்டது.

அவ்வருஷம் ஸ்தாபிதமான மகாராஜா சயாஜிராவ் சர்வகலாசாலையின் வைஸ்சான்ஸலராக ஸ்ரீமதி ஹம்ஸா மேத்தா பொறுப்பேற்றார். இருபாலாரும் பயிலும் இந்தியச் சர்வகலாசாலைக்கு ஒரு ஸ்திரீ தலைமை பூண்டது அதுவே முதல் தடவை. முன்னரே பம்பாய் மாதர் சர்வகலாசாலையை அவர் நடத்தியிருந்தார். மாதர் கல்விக்கு மாதரை வைப்பதில் பழமைவாதிக்கும் தடையில்லை, பரோடாதான் பரீக்ஷை. 1958 வரை அவர் அப்பதவியை வகித்தார். 1950-ல் தொடங்கிய நுண்கலைப் பகுதிக்குப் பென்ட்ரே, சங்கோ சௌதுரி போன்றார் ஆசிரியராக வந்தனர்.

இது தற்செயலாக வாய்த்த பதவியன்று. 1937 தேர்தலில் மாதருக்கென ஒதுக்கிய ஸ்தானத்தை மறுத்துப் பொது ஸ்தானத்தில் நின்று பம்பாய் மேல்சபைக்குச் சென்றவர் அவர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கமிஷனில், முதல் ஷரத்தில் ஆண்களைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல்லை மாற்றி 'மானிடர் யாவரும்' என்று பொருள்படும் வாசகத்தை இடம்பெறச் செய்தார். 1948-ல் அப்பிரகடனம் அவ்வாறே நிறைவேறிற்று. ஆண்பாலில் பெண்பாலும் அடங்கும் என்று சட்டக் கலாசாலையில் நாமும்தான் படித்தோம். அந்த விதியை நம்பி உட்கார்ந்திருந்தவரில்லை அவர்.

பரோடா திவானின் புதல்விக்கு வழி எளிது என்பர். ஓரளவு மெய்யே. ஒதுக்கீடின்றி எல்லாப் பெண்களும் முன்வரலாம் என்று இதைக் காட்டி வாதிப்பது நேர்மையாகாது. ஆனால் திவானின் புதல்வி 1932-ல் சிறை சென்றதையும், ஜாதியாரின் எதிர்ப்பை மீறி டாக்டர் ஜீவராஜ் மேத்தாவை மணந்ததையும் மறத்தலாகாது.

சீமையைப் பின்பற்றுவோர் இதையும் கவனிக்கட்டும்: கேம்பிரிட்ஜ் ஒரு ஸ்திரீயை வைஸ்சான்ஸலராக்கியது 1975-ல், ஆக்ஸ்போர்டு 2016-ல். நாம் முந்திக்கொண்டோம், பின்னர் தயங்கினோம். இனி வைஸ்சான்ஸலரைத் தேடும் கமிட்டி ஒவ்வொன்றும், தான் பரிசீலித்தவருள் ஸ்திரீகள் எத்தனை பேர் என்பதைப் பகிரங்கமாக வெளியிடும்படி சர்க்கார் உத்தரவிட வேண்டும்.