வெற்றிருக்கைகள்

புனைகதை சோதிடம் அன்று. கூறியது பலித்ததா, பொய்த்ததா எனப் பஞ்சாங்கம் புரட்டுவார்போலக் கதையைப் புரட்டுதல் திறனாய்வு ஆகாது. விஞ்ஞானத் திரைப்படங்களைக் குறித்து நம்மிடையே நிகழும் பேச்சோ பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடுகின்றது.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் கொழும்பிலே மறைந்தவர் ஆதர் சி. கிளார்க். அவரும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் இணைந்து எழுதிய '2001: விண்வெளிப் பயணம்' என்னும் படம் 1968இல் வெளிவந்தது. அதிலே 'ஓரையன்' என்னும் சிறகுடைய விண்விமானம், 'பான் அம்' கம்பனியின் பெயரைத் தாங்கி, பூமியிலிருந்து சுழலும் விண்நிலையத்துக்குச் செல்கின்றது. அக்கம்பனி 1991இல் மறைந்தது. 2001ஆம் ஆண்டும் வந்து போயிற்று. அத்தகைய விமானம் வரவில்லை. ஆகவே கற்பனை தோற்றது என்பர் சிலர்.

நான் அவ்வாறு கருதேன். அக்காட்சியை ஊன்றி நோக்குக. வரிசை வரிசையாக இருக்கைகள், பயணியோ ஒருவர். அவர் உயர்பதவி வகிப்பவர். அவரும் உறங்குகின்றார். அவருடைய பேனா எடையற்று மிதக்கின்றது. பணிப்பெண் அதைப் பற்றி அவர் சட்டைப்பையில் இடுகின்றாள். காணக் கிடையாத வானம், போய்ப் பழகியவருக்குத் தாலாட்டாயிற்று.

அதே 1968இல் பான் அம் கம்பனி, நிலவுக்குச் செல்ல விரும்புவோர் பெயர்களை மெய்யாகவே பதியத் தொடங்கியது. கட்டணம் இல்லை, ஆசை ஒன்றே தகுதி. 1971இல் பதிவு நிற்குமுன் 93,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருந்தனர். அவர்களுள் ஒருவரையேனும் அக்கம்பனி நிலவுக்கு ஏற்றிச் செல்லவில்லை.

மெய்யான 2001இல் நிகழ்ந்தது யாது? ஏப்ரல் 28ஆம் நாள், அமெரிக்கச் செல்வர் டெனிஸ் டிட்டோ, சிறகற்ற இரஷ்யச் சோயூஸ் கலத்தில் விண்நிலையம் சென்றார். சுமார் 2 கோடி டொலர் கொடுத்தார் என்பர். அவ்வாண்டு தம் பொருள் கொடுத்து விண்ணேறியவர் அவர் ஒருவரே.

விமானம் பொய்த்தது, ஒற்றைப் பயணி பொய்க்கவில்லை. பதவியின் இடத்தைப் பொருள் பிடித்தது, அவ்வளவே வேற்றுமை.

ஆசிரிய அன்பர்களே, இப்படத்தைக் காணும் மாணாக்கரிடம் "இது நடந்ததா?" என வினவுதல் போதாது. "அந்த வெற்றிருக்கைகள் யாருக்கு உரியன?" என்றும் வினவுங்கள். அவ்வினாவிலேதான் இலக்கியக் கல்வி தொடங்குகின்றது.