ராஜாஜி ஆரம்பித்த கட்சி ஏன் காணாமல் போனது?

பி.காம். படிக்கிறவனுக்கு அரசியல் எதுக்குடா என்று கேட்காதீர்கள். எங்கள் பாடத்தில் 1991 தாராளமயம் பற்றி ஒரு யூனிட் உண்டு. நரசிம்மராவ், மன்மோகன் சிங் எல்லாம் வருகிறார்கள். அதற்கு 32 வருடம் முன்னாலேயே ஏறக்குறைய இதையே சொல்லிக் கட்சி நடத்திய ராஜாஜியைத்தான் காணோம்!

கதை எங்க ஏரியாவில்தான் தொடங்குகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1959ல் நாக்பூர் மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணை என்றார்கள். ராஜாஜிக்குப் பொறுக்கவில்லை. அந்த ஜூனிலேயே சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்துவிட்டார், 80 வயதில்! (நமக்கு இருபதிலேயே முதுகு வலிக்கிறது.) என்.ஜி.ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேட்கும் முறைக்கு 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று பெயர் வைத்தது ராஜாஜிதான்.

1962ல் மக்களவையில் 18 இடம். 1967ல் 44, எதிர்க்கட்சிகளில் அதுதான் பெரிசு. இங்கே தி.மு.க. கூட்டணியில் 20 எம்.எல்.ஏ.க்கள். 1971ல் வெறும் 8. அடுத்த வருடம் ராஜாஜி காலமானார், 1974ல் சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கட்சி கரைந்தது.

இந்திரா அலைதான் காரணம் என்பார்கள். எனக்கு அது மட்டும் போதவில்லை. என் தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கோட்டா இரும்புக்காக மாதக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதையை இன்றைக்கும் சொல்வார். சுதந்திரா கட்சிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? "71ல நட்சத்திரத்துக்குப் போட்டீங்களா தாத்தா?" என்றேன்.

"அது ராஜாக்கள் கட்சிடா. எஸ்டேட்டைக் கட்டினதே கவர்மென்ட்டு. இரும்புக்கு இழுத்தடிச்சதும் அவங்கதான், அது வேற."

தாத்தா சொன்னதில் தப்பில்லை. ஜெய்ப்பூர் காயத்ரி தேவி, ஒரிசாவின் ஆர்.என்.சிங் தேவ் என்று மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் கட்சியில் நிறைய. பெர்மிட்டால் நிஜமாக அடிபட்ட பட்டறைக்காரனைத் தேடி அவர்கள் வரவில்லை. கொள்கை சரி, கூட்டிக்கொண்ட ஆட்கள்தான் தப்பு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஒரு கொசுறு: 1989 முதல் புதிதாகக் கட்சி பதிவு செய்கிறவர்கள் சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதித்தர வேண்டும். ராஜாஜியே திரும்பி வந்தாலும் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்!