நள்ளிரவு இசைக்கு ஒரு தமிழ்க்குரல் வேண்டும்

இசைக்கும் பொழுதுக்கும் உள்ள உறவைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுத்தமை இதற்குச் சான்றாகும். தாலாட்டுக்கு நீலாம்பரியும் விடியலுக்குப் பூபாளமும் உரியன என்பதை இசை பயிலாதாரும் அறிவர். எனினும் இரவு இசையைக் கேட்போர் யார், அவர்க்கு அதனை எடுத்து வழங்குவோர் யார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆரணிப் பட்டு நெசவைச் சார்ந்த தேசூர் போன்ற ஊர்களில் இவ்வினாவிற்கு விடை எளிதில் கிடைக்கும். தீபாவளியும் திருமண முகூர்த்தங்களும் நெருங்குங்கால் தறியின் ஒலி இரவிலும் ஓய்வதில்லை. நெசவாளியின் கண் இழையில் இருக்கும். கை நாடாவில் இருக்கும். கால் மிதிகட்டையில் இருக்கும். ஓய்ந்திருப்பது செவி ஒன்றே. அச்செவிக்கு உற்ற துணையாக வாய்த்தது வானொலி.

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. கதிரவன் மறைந்தபின் அயனி மண்டலத்தின் கீழடுக்கு கலைந்துவிடுவதால், மத்திய அலை ஒலிபரப்பு இரவில் நெடுந்தொலைவு செல்லும். பகலில் எட்டாத நிலையங்களும் இரவில் சிற்றூர்ப் பெட்டியில் ஒலித்தது இதனாலேயாம். 1952-ஆம் ஆண்டு சூலை 20-ஆம் நாள் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, அரங்கிற்குச் சென்று கேட்க வாய்ப்பில்லாதவர்க்கும் பெருங்கலைஞர்களின் கச்சேரியை இல்லத்திற்கே கொணர்ந்து தந்தது.

இங்கு நாம் போற்ற வேண்டியவர் அறிவிப்பாளர். பாடலின் முதலடி, இராகம், தாளம், இயற்றியவர் என அவர் நிதானமாகக் கூறிய சில சொற்களே பலர்க்கு இசைப் பாடமாயின. பன்முறை கேட்டுக் கேட்டு, அறிவிப்பு வருமுன்னரே ‘இது கல்யாணி’ என்று கூறும் ஆற்றலைப் பள்ளிப்படிப்பு நிறைவுறாதவரும் பெற்றனர். வயலின், மிருதங்கம், கடம் வாசித்தோர் பெயர்களையும் அவர் விடாது கூறினார். உடனிருந்து உழைத்தோரை மறவாமை நல்ல பண்பாடன்றோ? திருவரங்கத்தில் வாழ்ந்து, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஷேக் சின்ன மௌலானாவின் பெயர் நாகசுரத்தோடு இணைந்து ஒலித்தபோது, கலைக்குச் சமய எல்லை இல்லை என்பதை எவரும் விளக்கியுரைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயின், பெரும்பாலான நிலையங்கள் இரவு 11 மணியளவில் ஒலிபரப்பை முடித்துக்கொள்வதே வழக்கமாக இருந்தது. இக்குறையைப் போக்க, 1988-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசை தோன்றியது. நாகபுரியின் ஆற்றல்மிக்க ஒலிபரப்பி வாயிலாக அது இரவு முழுவதும் ஒலித்தது. இசையும் செய்தியும் தந்ததோடு, ரமலான் மாதத்தில் சஹர் வேளைக்கெனத் தனி நிகழ்ச்சியையும் வழங்கியது. 2019-ஆம் ஆண்டு சனவரியில் அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 2016-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், பெங்களூரிலிருந்து ‘இராகம்’ என்னும் 24 மணிநேரச் செவ்விசை அலைவரிசை தொடங்கப்பெற்றது. இந்துஸ்தானி, கருநாடகம் ஆகிய இரண்டையும் நள்ளிரவிலும் கேட்க இயலுவது பாராட்டத்தக்க பேறே.

இனி என்ன குறை என வினவலாம். விரும்பிய பாடலைக் கைப்பேசி எந்நேரமும் தருகின்றதே, பாடகர் பெயரும் திரையில் தோன்றுகின்றதே, அறிவிப்பாளர் எதற்கு என்பாரும் உளர். திரையை நோக்கக் கண் ஓய்ந்திருக்க வேண்டும். தறியில் அமர்ந்தவர்க்கும், இரவுப் பேருந்தை ஓட்டுபவர்க்கும், பார்வையற்றவர்க்கும் திரையிலுள்ள எழுத்தால் என்ன பயன்? மேலும், கேட்டதையே மீண்டும் தருவது இயந்திரத்தின் இயல்பு. கேளாத ஒன்றை அறிமுகம் செய்து, ‘இதனையும் கேளுங்கள்’ என்பது அறிந்தோர் செயல். பல மொழியினர்க்கும் பொதுவான ஓர் அலைவரிசையில் தமிழ் நேயர்க்கே உரிய விளக்கத்தை முழுமையாக எதிர்பார்ப்பதும் முறையன்று.

அறிவிப்பாளர் மிகுதியாகப் பேசி இசையைக் கெடுப்பதும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கு மருந்து அளவான பேச்சேயன்றி, பேச்சே இன்மையன்று.

ஆகவே, நள்ளிரவில் இரண்டு மணிநேரமேனும், தமிழ் அறிவிப்போடு கூடிய செவ்விசையைத் தமிழக நிலையங்கள் நாள்தோறும் வழங்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நிலையங்களின் ஒலிநாடாக் கருவூலம் இதற்குத் துணைசெய்யும். தமிழ் பயிலும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. லகர, ளகர, ழகர வேறுபாடு பிறழாத ஒலிப்பு, சொற்சிக்கனம், இசையறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும் பணி இது. தமிழ்த்துறைகள் ஒலிப்புப் பயிற்சியும் இசைக் கலைச்சொற் பயிற்சியும் அளிக்குமாயின், தகுதியுடைய குரல்கள் சிற்றூர்களிலிருந்தே எழும்.

ஊர் உறங்கும் வேளையிலும் உழைப்போர்க்கு ஊதியம் உரியது. அவ்வாறே நல்ல இசையும், அதன் பெயரைத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் ஒரு மனிதக் குரலும் உரியன.